முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

தலைப்பு: அரசுப் பள்ளிகள் உயர முதலில் தேவை எல்லார்க்கும் ஒரே கல்வியா? அவரவர்க்கு ஏற்ற கல்வியா?

அணி: அவரவர்க்கு ஏற்ற கல்வியே!

எனக்கு முன்னால் ஒரு பிடி பிடித்துவிட்டு இப்போது ஒன்றுமே நடக்காதது மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார் சகோதரி. (சிரிப்பு)

சகோதரி ரொம்ப அழகாகப் பேசினாங்க. “ஒரே பந்தி, ஒரே இலை, ஒரே சாப்பாடு. அதுதான் சமத்துவம். கல்வியும் அப்படித்தான் இருக்கணும்” என்று முடிச்சாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த எங்கள் அணித் தலைவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். (சிரிப்பு) நல்ல உவமைதான் நடுவர் அவர்களே. ஆனா அந்தப் பந்தியில என்ன பரிமாறுறாங்கன்னு சகோதரி எட்டிப் பார்க்கலை. வாங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.

இந்த மண்ணில் பள்ளிக்கூடத்துப் பந்திக்கு 100 வயதுக்கு மேலாகிவிட்டது. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. அப்போது மாநகராட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர். 1956-ல் பெருந்தலைவர் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். கலைஞர் அதில் முட்டையை வைத்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்துச்சு. யார் ஆட்சிக்கு வந்தாலும் உலை மட்டும் அணையவில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் சகோதரிக்கும் சண்டையே கிடையாது.

சண்டை எங்கே என்றால், முட்டையில்தான். சத்துணவுக் கூடத்தில் முட்டை சாப்பிடாத பிள்ளை வந்து நின்றால் என்ன கொடுக்கிறார்கள்? வாழைப்பழம்! அது அந்த அம்மா தானாகச் செய்கிற தயவு இல்லைங்க, அரசாங்கம் போட்ட ஏற்பாடு. “ஒரே பந்தி, ஒரே முட்டை, தின்னா தின்னு, இல்லேன்னா எழுந்து போ”ன்னு அரசு சொல்லலை. அந்த அம்மா எந்தப் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் படித்தவர் இல்லை. ஆனால் தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரியும். இது முட்டை சாப்பிடும், இது சாப்பிடாது, இது ராத்திரியும் பட்டினி, இதுக்கு இன்னொரு கரண்டி வைக்கணும். சமையற்கட்டுக்குத் தெரிஞ்ச விஷயம் பத்தடி தள்ளியிருக்கிற வகுப்பறைக்குத் தெரியணும். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான் நடுவர் அவர்களே! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் சீருடையைச் சொன்னார். “பணக்காரன் பிள்ளை, ஏழை பிள்ளை வித்தியாசம் தெரியக்கூடாதுன்னுதானே சீருடை?” என்றார். சரி. விலையில்லாச் சீருடையைத் தைக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நிறம்தான் ஒண்ணு. அளவு? ஒரே அளவில் தைத்து அனுப்பினால் என்ன ஆகும்? ஆறாம் வகுப்பில் முன் பெஞ்சில் இருக்கிற பொடியன் ஒரு கையால் எழுதுவான், ஒரு கையால் கால்சட்டையைப் பிடிச்சுக்குவான். (சிரிப்பு) கடைசி பெஞ்சுக்காரன் கையைத் தூக்கவே மாட்டான். ஆசிரியர், “இவனுக்குப் பாடம் புரியல, கேள்வியே கேக்கறதில்ல”ன்னு எழுதி வைப்பார். பாடம் புரிஞ்சிருக்கும் நடுவர் அவர்களே, கையைத் தூக்கினால் அக்குளில் கிழியும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இனி சிரிக்க முடியாத ஒன்றுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ஒரு அம்பு விட்டார். உண்மையிலேயே கூர்மையான அம்பு. “அவரவர்க்கு ஏற்ற கல்வி என்றால், 1953-ல் ராஜாஜி கொண்டுவந்தாரே, பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில், அதுவும் அவரவர்க்கு ஏற்ற கல்விதானே? குலக்கல்வியைத்தான் நீங்கள் கொல்லைப்புறமாகக் கொண்டு வருகிறீர்களா?” என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. எனக்கும் ஒரு நிமிடம் சுருக்கென்றது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்ன பேசினாலும் அது வெறும் வாய்ச்சவடால்.

பதில் சொல்கிறேன். அந்தத் திட்டம் பிள்ளையைப் பார்க்கவே இல்லை ஐயா. அப்பனைப் பார்த்தது! பிள்ளைக்கு என்ன வரும், என்ன பிடிக்கும், எங்கே தடுக்குது என்று கேட்கவில்லை. உங்கப்பன் என்ன செய்யறான்னு கேட்டது. அதனால்தான் தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. நாங்கள் கேட்பது அதற்கு நேர் எதிர். பிள்ளையைப் பார், இன்னிக்குக் காலையில் அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார். போய்ச் சேர வேண்டிய ஊர் எல்லாருக்கும் ஒண்ணுதான். டாக்டராகலாம், கலெக்டராகலாம், என்னைப் போல் தமிழ் வாத்தியாராகி உங்களிடம் மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். (சிரிப்பு) ஆனா பஸ் அவன் நிக்கிற இடத்துக்கு வந்து ஏத்திக்கணும். “பஸ் நிலையத்தில் மட்டும்தான் நிற்கும், வரமுடிந்தவன் வா” என்பதற்குப் பெயர் சமத்துவமா?

துரோணரையும் இழுத்தார்கள், விட்டுவிட முடியுமா? துரோணர் கெட்டிக்கார வாத்தியார்தான். அர்ச்சுனன் கையில் வில், பீமன் கையில் கதாயுதம். பீமனை அழைத்து “நீயும் கிளியின் கண்ணைத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பெயில்” என்று சொல்லியிருந்தால் பாரதக் கதை முதல் பருவத்திலேயே முடிந்திருக்கும். (சிரிப்பு) அவர் தவறிய இடம் எது? பீமனிடம் அவன் தோளைப் பார்த்தார். ஏகலைவனிடம் குலத்தைப் பார்த்தார். கட்டைவிரல் போச்சு. பிள்ளைக்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்த துரோணர் எங்கள் பக்கம். பிறப்பைப் பார்த்து விரலைக் கேட்ட துரோணர் எதிரணியிலும் வேண்டாம், எங்கும் வேண்டாம்! (நீண்ட கைதட்டல்)

அடுத்து, சமச்சீர்க் கல்வி. எதிரணியில் இரண்டு பேர் அதைப் பேசினார்கள், மூன்றாமவரும் அதைத்தான் பேசப் போகிறார், குறிப்புத் தாள் இங்கிருந்தே தெரியுது. (சிரிப்பு) அதை நானும் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே மாநிலத்தில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வாரியங்கள் இருந்தன. பணம் கட்ட முடிந்தவனுக்கு ஒரு புத்தகம், முடியாதவனுக்கு ஒரு புத்தகம். முத்துக்குமரன் குழு அறிக்கை கொடுத்தது, 2010-ல் சட்டம் வந்துச்சு, முதலில் 1, 6 வகுப்புகளுக்குப் புத்தகமும் வந்துச்சு. 2011-ல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9-ல் தீர்ப்பு வந்தது: சமச்சீர்க் கல்வியை நடத்தத்தான் வேண்டும். அந்த ஜூன், ஜூலையில் பள்ளி திறந்து பிள்ளைகள் புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டீர்கள்.

போராடி வாங்கிய புத்தகம். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனா புத்தகத்தை ஒன்றாக்கினோம் நடுவர் அவர்களே, பிள்ளையை ஒன்றாக்க முடியுமா? கொரோனாவை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். அப்போது ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை. 2021 நவம்பர் 1-ல் திறந்தபோது அது மூன்றாம் வகுப்பு! நடுவில் இருந்த இரண்டாம் வகுப்பு எங்கே போச்சு? செல்போன் இருந்த வீட்டில் கொஞ்சம் நடந்தது. இல்லாத வீட்டில் ஆடு மேய்த்தது. இரண்டு பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருது. கையில் ஒரே மூன்றாம் வகுப்புப் புத்தகம். ஒன்று படிக்கிறது. மற்றொன்று படம் பார்க்கிறது. அது புத்தகத்தின் குற்றமா? பிள்ளையின் குற்றமா?

இதற்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. நான் கற்பனையாகச் சொல்லவில்லை, நம்ம சென்னையிலேயே செய்து பார்த்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி என்று ஒரு பள்ளி. அவர்கள் சுற்றுவட்டாரக் குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தினார்கள். ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே அறையில். என்ன செய்வார்? பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் ஏணிப்படி மாதிரி ஒரு வரைபடம். பிள்ளை தன் படி எது என்று பார்க்கும், அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தானே போய் எடுக்கும், அதில் உள்ளதைச் செய்யும், அடுத்த படிக்குப் போகும். இதைச் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்கள் எடுத்துக்கொண்டார். மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தது. 2007-ல் மாநிலம் முழுக்கப் போனது. பெயர் செயல்வழிக் கற்றல்.

நான் அந்தச் சமயத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டு விழாவுக்குப் பேசப் போனேன். விழாவுக்கு நேரம் இருந்ததால் வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஆசிரியரைக் காணோம்! என்னடா, நம்ம கல்லூரி மாதிரி இருக்கே என்று நினைத்தேன். (சிரிப்பு) பார்த்தால், அந்த அம்மா தரையில் பாயில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் நாலைந்து பொடிசுகள். மற்ற பிள்ளைகள் குழுக் குழுவாக. கரும்பலகை என் இடுப்புக்குக் கீழே இருந்தது. சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக, ஆளுக்கு ஒரு கட்டம். மேலே கம்பி கட்டி அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஒருத்தரும் எழுந்து “வணக்க்க்கம் ஐயா” என்று இழுக்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். (சிரிப்பு)

ஒரு சிறுமியிடம், “ஏம்மா, நீ எத்தனாவது?” என்றேன். அது வகுப்பைச் சொல்லவில்லை. சுவரில் ஏணியைக் காட்டி, “நான் முயல்ல இருக்கேன், நாளைக்கு மயிலுக்குப் போயிடுவேன்” என்றது. அந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டு மூணு வாரம் வரலையாம். டீச்சர் சொன்னார். நம் காலத்தில் மூணு வாரம் வராத பிள்ளை திரும்பி வந்தால் என்ன ஆகும்? பாடம் மூன்று ஊர் தாண்டிப் போயிருக்கும். பிள்ளை நடுவழியில் நிற்கும். இங்கே அது விட்ட முயலிலேயே அட்டை அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது! யாரும் திட்டவில்லை, யாரும் பெயில் போடவில்லை. இது ஊட்டியில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற பள்ளி இல்லைங்க. ஓட்டுக் கட்டடத்தில், சத்துணவு வாசனை அடிக்கிற அரசுப் பள்ளி. (கைதட்டல்)

எதிரணி நண்பர் எழுந்து கேட்கத் துடிக்கிறார். “அவ்வளவு நல்லதாயிருந்தால் அது ஏன் அப்படியே நிலைக்கவில்லை?” நியாயமான கேள்வி. மறைக்க மாட்டேன். அட்டைகள் கிழிந்தன, புது அட்டை எல்லா ஊருக்கும் சரியாக வரவில்லை. பெற்றோர், “என்னங்க, பிள்ளைக்குப் புத்தகமே இல்ல, வீட்டுப்பாடமும் இல்ல, விளையாடுதா படிக்குதா?” என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆசிரியரைக் கேட்டுச் செய்யாமல் உத்தரவு போட்டுச் செய்த இடங்களில் அது சடங்காகிப் போனது. பிள்ளை எந்தப் படியில் இருக்குன்னு பார்க்கச் சொன்னா, பதிவேட்டில் எந்தப் படின்னு எழுதி வெச்சாப் போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் புத்தகமும் சேர்ந்தது, முறையும் சுருங்கியது. 2022-ல் எண்ணும் எழுத்தும் என்று இன்னொரு திட்டம் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு தமிழாசிரியனாக என் வணக்கம். ‘மக்கு, சுமார், கெட்டி’ என்றுதானே நாம் பிரித்தோம்? (சிரிப்பு) ஆனால் அதிலும் ஆசிரியர்கள் சொல்கிற குறை பழைய குறைதான்: “ஐயா, மொட்டு மலரும் முன்னால் நாங்கள் செல்போனில் விவரம் ஏற்ற வேண்டியிருக்கு.” வாத்தியாரைப் பிள்ளை முகத்தைப் பார்க்க விடுங்கய்யா, செல்போனை அப்புறம் பார்க்கட்டும்!

30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே சொல்லிவிட்டது. கணக்குக்கு ஆசிரியர் வந்துவிடுவார். ஆனால் இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கணும். அவரைப் போய் ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏத்தபடி’ என்றால் அவர் என்னை அடிக்க வருவார். செலவாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செலவாகும் என்பதற்காகக் கொள்கையை மாற்றிக்கொண்டால், வாழைப்பழத்துக்கும் செலவாகத்தானே செய்தது?

மொழிக்கு வருகிறேன். நான் தமிழ்ப் பேராசிரியன், எனக்கு இதில் கட்சி உண்டு. 2006-ல் தமிழ் கற்பிக்கும் சட்டம் வந்தபோது மகிழ்ந்தவன். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இலை படத்தைப் பார்த்து ‘ஆக்கு’ என்கிறது. ஒரு ஆசிரியர் “தப்பு” என்பார். இன்னொருவர், “ஆமாண்டா கண்ணு, தமிழ்ல அதுக்கு இலைன்னு பேரு” என்பார். தமிழை வளர்த்தது யார்? திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் இன்றைக்குப் பீகார்ப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் அ, ஆ எழுதுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடிய மொழியிலேயே பாடம் சொல்லித்தரும் மையங்கள் நடந்தன. ஊர் திரும்பினால் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்று. எங்கிருந்தோ வந்த பிள்ளைக்கு அந்த மனசு இருந்த இந்த மாநிலம், தன் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் அந்த மனசை வைக்கட்டும்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. “ஒரே தேர்வுதான் தராசு” என்றார் நண்பர். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பது தேர்வுத் துறையே. அது தராசு சாய்ந்ததாகுமா? 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அரசு அறிவித்து, எழுந்த எதிர்ப்பில் 2020 பிப்ரவரியில் அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளையைத் தராசில் நிறுத்துவதற்கு முன்னால் அதற்குச் சோறு போட்டோமா என்று பார்க்க வேண்டாமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை நான் மேடையில் இதுவரை சொன்னதில்லை.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால், 1990-களில், கொஞ்ச காலம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா அம்மா கரும்பு வெட்டுக் கூலிகள். பருவம் வந்தால் மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். வெட்டு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தான். அன்றைக்குக் கட்டுரை, ‘நான் சென்ற சுற்றுலா’. அவனுக்கு ஏது சுற்றுலா? லாரியில் கரும்பு வெட்டப் போனதை எழுதியிருந்தான். “ராத்திரி லாரி வந்துச்சு. நாங்க ஏறிக்கிட்டோம். மழை வந்துச்சு. அம்மா தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டாங்க.” இப்படியே ஒன்றரைப் பக்கம். நான் புதுசாக எம்.ஏ. முடித்த சூடு. கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு ‘வந்துச்சு’க்கும் நிறுத்தி, அழுத்தி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘கொச்சை’ என்று சிவப்பு மையில் எழுதி நோட்டைக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டேன். லாரியில் கிளீனராகப் போய்விட்டான் என்றார்கள். நானே போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டு நீக்கியதும் நான்தான்.

இப்போது இங்கே பதினைந்து நிமிடமாக எத்தனை ‘வந்துச்சு’ சொன்னேன் என்று யாராவது எண்ணினீர்களா? நீங்கள் கைதட்டினீர்கள். நாளைக்கு இதைப் புத்தகமாகப் போட்டால் அப்படியே அச்சடிப்பார்கள். அவன் கட்டுரையின் கடைசி வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: “விடிஞ்சப்ப எங்க ஊரு எந்தப் பக்கம்னு தெரியல.” அதுக்குக் கீழேயும் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. அமர்கிறேன்.

(கைதட்டல்)